மலைப்பாதையில் ஆட்டோ டிம்மிங் கண்ணாடி: எங்கே உதவும், எங்கே கைவிடும்

மேட்டுப்பாளையத்திலிருந்து கல்லாறு வரை பாக்குத் தோப்புகளுக்கு நடுவே சாலை ஏறக்குறைய நேராகவே போகும். ஆட்டோ டிம்மிங் உள்கண்ணாடி, அதாவது பின்னாலிருந்து வெளிச்சம் பட்டால் தானாகக் கறுக்கும் பின்பார்வைக் கண்ணாடி உள்ள காரில் இரவில் அந்தத் தூரத்தைக் கடக்கும்போது, பின்னால் வருகிறவர் பிரைட்டிலேயே வந்தாலும் கண்ணாடிக்குள் மங்கலான இரண்டு பச்சைப் புள்ளிகள்தான் தெரியும். கொடுத்த காசு வீண்போகவில்லை என்று தோன்றும். கல்லாறு தாண்டிக் கொண்டை ஊசி வளைவுகள் தொடங்கியதும் அதே கண்ணாடி தடுமாறும். வெளிச்சம் பளீரென்று முகத்தில் அடிக்கும். கண்ணாடி கறுக்கத் தொடங்குவதற்குள் வளைவு முடிந்து வெளிச்சமும் விலகிப் போயிருக்கும். வத்தலக்குண்டிலிருந்து கொடைக்கானல் ஏறுகிறவர்களும் இதையேதான் சொல்வார்கள். பழுது என்று நினைத்து வண்டியை ஒர்க்‌ஷாப்பில் விடுகிறவர்கள் உண்டு. பெரும்பாலும் கண்ணாடியில் குற்றம் இருக்காது. நேரான சாலையில் நெடுநேரம் பின்தொடரும் வெளிச்சத்துக்காகச் செய்யப்பட்ட கருவி அது. மலையில் அதன் எல்லை எது என்று தெரிந்து, மிச்சத்தை வேறு வழிகளில் அடைத்துக்கொள்ள வேண்டும்.

இந்த மலைகளில் கண் கூசுவது வெறும் எரிச்சல் தரும் விஷயம் அல்ல. கோத்தகிரி, குன்னூர் பக்கமும் கொடைக்கானல் பக்கமும் இரவில் காட்டுமாடு சாலையில் நிற்பது சாதாரணம். உடம்பு முழுக்கக் கறுப்பு. டிம் லைட்டில் முதலில் தெரிவது முழங்காலுக்குக் கீழே உள்ள வெளுப்பு மட்டும்தான். பின்னாலிருந்து வரும் வெளிச்சம் கண்ணுக்குள் சிதறி, பார்வை முழுவதும் ஒரு வெள்ளைத் திரை போல் படரும்போது அந்த வெளுப்பும் கரைந்துபோகும். வெளிச்சம் நாம் பார்க்கும் திசையிலிருந்து எவ்வளவு கோணம் தள்ளி இருக்கிறது என்பதைப் பொறுத்து இந்தத் திரையின் அடர்த்தி மாறும். கோணம் இரண்டு மடங்கானால் திரை ஏறக்குறைய கால் பங்காகக் குறையும். வயதானவர்களுக்கும் கண்புரை தொடங்கியவர்களுக்கும் அதே வெளிச்சத்தில் திரை இன்னும் தடிமனாக விழும். இந்தக் கோணக் கணக்கை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், வளைவுகளைப் பற்றிப் பேசும்போது திரும்பத் தேவைப்படும்.

கண்ணாடிக்குள் என்ன நடக்கிறது

ஆட்டோ டிம்மிங் கண்ணாடி என்பது உண்மையில் இரண்டு மெல்லிய கண்ணாடித் தகடுகள். இரண்டின் உட்பக்கத்திலும் மின்சாரத்தைக் கடத்தும் பூச்சு இருக்கும். முன்தகட்டில் அது இண்டியம் டின் ஆக்சைடு போன்ற, ஒளி ஊடுருவும் பூச்சு. நடுவே மிக மெல்லிய இடைவெளியில் ஒரு ஜெல். பின்தகட்டில் பிரதிபலிக்கும் வெள்ளிப் பூச்சு. ஜெல்லுக்கு ஒரு வோல்ட்டுக்குச் சற்று மேலே, சுமார் 1.2 வோல்ட் கொடுத்தால் அதிலுள்ள ஒரு வேதிப்பொருள் எலக்ட்ரானை வாங்கிக்கொள்ளும், இன்னொன்று இழக்கும். இரண்டும் நிறம் மாறி நீலப்பச்சையாகக் கறுக்கும். வெளிச்சம் ஜெல்லைக் கடந்து உள்ளே போய், வெள்ளியில் பட்டு, மறுபடி ஜெல்லைக் கடந்துதான் வெளியே வர வேண்டும். இரண்டு முறை வடிகட்டப்படுவதால், பகலில் பாதிக்கு மேல் பிரதிபலிக்கும் கண்ணாடி முழுதாகக் கறுத்த நிலையில் பத்து சதவீதத்துக்கும் கீழே இறங்கிவிடும். மின்னழுத்தத்தை எடுத்துவிட்டு இரு முனைகளையும் சேர்த்தால் நிறம் கலையும். அமெரிக்காவின் மிச்சிகனில் உள்ள ஜென்டெக்ஸ் நிறுவனம் 1987-ல் இந்த வகைக் கண்ணாடியைக் கார்களுக்குக் கொண்டுவந்தது. அடிப்படை இன்றும் அதேதான்.

மூலக்கூறுகள் ஜெல்லுக்குள் நகர்ந்து சென்றுதான் நிறம் மாற வேண்டும். அதனால் கறுப்பதற்குச் சில வினாடிகள் பிடிக்கும், தெளிவதற்கும் அப்படியே. குளிரில் இன்னும் மெதுவாகும். ஊட்டியில் தை மாதக் காலையில், உறைபனியில் இரவெல்லாம் வெளியே நின்ற வண்டியை விடியுமுன் எடுத்தால் முதல் சில நிமிடங்களுக்குக் கண்ணாடி சோம்பலாக இருப்பது இயல்பு. உள்ளே சூடு ஏறியதும் சரியாகிவிடும். இதற்காக யாரும் கண்ணாடி மாற்ற வேண்டாம்.

கண்ணாடிக்கு இரண்டு சென்சார்கள். ஒன்று முன்கண்ணாடி வழியாக வெளியே பார்த்து, சுற்றுப்புறம் இருட்டா வெளிச்சமா என்று சொல்லும். இன்னொன்று பின்பக்கம் பார்த்து, வெளிச்சம் எவ்வளவு வருகிறது என்று அளக்கும். முன்னால் இருட்டு, பின்னால் வெளிச்சம் என்று இரண்டும் சேர்ந்து சொன்னால்தான் ஜெல்லுக்கு மின்னழுத்தம் போகும். இந்த ஒரு விதியைப் பிடித்துக்கொண்டால் பெரும்பாலான கோளாறுகளை வீட்டு வாசலிலேயே கண்டுபிடித்துவிடலாம்.

வளைவும் சரிவும்

முதலில் சரிவு. டிம் லைட்டின் மேல்விளிம்பு பொதுவாக ஒரு சதவீதம் கீழ்நோக்கி வைக்கப்பட்டிருக்கும், அதாவது 10 மீட்டருக்கு 10 சென்டிமீட்டர். இரண்டு வண்டிகளும் ஒரே சரிவில் ஏறிக்கொண்டிருக்கும் வரை சமவெளிக்கும் மலைக்கும் வித்தியாசம் இல்லை. சரிவு தணியும் இடத்தில்தான் சிக்கல். நீங்கள் தட்டையான பகுதியில் 20 மீட்டர் உள்ளே வந்துவிட்டீர்கள், பின்வண்டி இன்னும் 8 சதவீத ஏற்றத்தின் கடைசி 5 மீட்டரில் இருக்கிறது என்று வையுங்கள். அதன் டிம் விளிம்பு உங்கள் காரின் இடத்துக்கு வரும்போது தரையிலிருந்து சுமார் 2 மீட்டர் உயரத்தில் இருக்கும். உங்கள் காரின் கூரையே ஒன்றரை மீட்டர்தான். அவர் ஒழுங்காக டிம்மில்தான் வருகிறார், ஆனால் உங்களுக்கு அது பிரைட். இறக்கம் தொடங்கும் இடத்திலும் இதேதான்: நீங்கள் கீழே சாய்ந்துவிட்டீர்கள், பின்வண்டி இன்னும் மேலே தட்டையில் நிற்கிறது. பின்னால் வருகிறவரைத் திட்டுவதற்கு முன் சாலையின் வடிவத்தைப் பார்ப்பது நல்லது.

அடுத்து வளைவு. இடதும் வலதும் ஒன்றல்ல. நாம் இடதுபக்கம் ஓட்டுவதால், ஓரத்தில் நடந்து போகிறவர் தெரிய வேண்டும் என்று டிம் லைட்டின் விளிம்பு இடது ஓரத்தில் மேலே ஏறியிருக்கும். இடது வளைவில் முன்வண்டி, பின்வண்டியின் நேர்க்கோட்டுக்கு இடதுபுறம் போய்விடுவதால் அந்த மேலேறிய பகுதி நேராக அதன் பின்கண்ணாடியில் விழும். அதே நொடியில் முன்வண்டி ஓட்டுபவரின் பார்வையும் வளைவை நோக்கி இடதுபக்கம் திரும்பியிருக்கும். உள்கண்ணாடியும் அவருக்கு இடது மேல்பக்கத்தில்தான் இருக்கிறது. வெளிச்சம் கூடுகிறது, கோணம் குறைகிறது. கூச்சம் இரட்டிப்பாகத் தாக்கும். வலது வளைவில் உங்கள் மேல் விழும் வெளிச்சம் குறைவு. ஆனால் வலது சைடு கண்ணாடி பார்வைக்கு மிக அருகில் வந்துவிடும், பின்வண்டியும் வலது பின்பக்கத்தில் தெரியும். நம் ஊரில் ஓடும் பெரும்பாலான கார்களில் உள்கண்ணாடி மட்டும்தான் தானாகக் கறுக்கும், சைடு கண்ணாடிகள் சாதாரணமானவை. ஆகவே வலது வளைவில் உள்கண்ணாடி எவ்வளவு கறுத்தாலும் பயன் குறைவு.

இதோடு நேரக் கணக்கையும் சேருங்கள். கொண்டை ஊசி வளைவில் வெளிச்சம் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு போக இரண்டு வினாடி போதும். கண்ணாடிக்கு அதைவிட அதிக நேரம் வேண்டும். அடுத்தடுத்து வளைவுகள் வந்தால் முழுக்கத் தெளியவும் முடியாமல் முழுக்கக் கறுக்கவும் முடியாமல் பாதி நிறத்திலேயே நிற்கும். அது ஒரு வகையில் நல்லதே. மோசமானது, தனித்தனியாக, இடைவெளி விட்டு வரும் வளைவுகள்.

காட் ரோட்டில் மட்டுமே இரவில் ஓட்டுகிறவருக்கு, கையால் தட்டும் பழைய லீவர் கண்ணாடியே மேல் என்பது என் கருத்து. அதில் கண்ணாடி ஆப்பு வடிவத்தில் இருக்கும். பின்பக்கம் வெள்ளி பூசியிருக்கும். லீவரை இழுத்தால் வெள்ளியில் பட்ட பிம்பம் கூரைக்குப் போய்விடும், கண்ணுக்கு வருவது முன்பரப்பில் பட்டுத் திரும்பும் நான்கு சதவீத வெளிச்சம் மட்டும். மின்சாரம் இல்லை, காத்திருப்பு இல்லை. ஒரே ஒரு நிபந்தனை: லீவரைப் பகல் நிலையில், அதாவது முன்கண்ணாடி பக்கம் தள்ளி வைத்த பிறகுதான் கண்ணாடியின் கோணத்தைச் சரிசெய்ய வேண்டும். இரவு நிலையில் வைத்துக்கொண்டு சரிசெய்தால் இழுக்கும்போது கூசும், தள்ளும்போது பின்சாலை பார்வையிலிருந்து விலகிவிடும். ஓட்டுநர் மாறி மாறி ஓட்டும் வாடகை வண்டிகளில் இந்தக் குளறுபடி சர்வ சாதாரணம். கோயம்புத்தூரிலிருந்தோ மதுரையிலிருந்தோ இரவில் கிளம்பி நேர்ச்சாலையில் மணிக்கணக்கில் ஓட்டிவிட்டு மலை ஏறுகிறவருக்கு ஆட்டோ டிம்மிங்தான் வசதி. லீவரை அடிக்கடி தட்டும் வேலை மிச்சம்.

மேகம் இறங்கினால்

மேகம் சாலையில் இறங்கும்போது உங்கள் சொந்த ஹெட்லைட்டே பனியில் பட்டு முன்பக்கம் வெள்ளையாகத் திரும்பும். முன்பக்கச் சென்சார் இதைச் சுற்றுப்புற வெளிச்சமாக எடுத்துக்கொள்ளக்கூடும். அப்போது பின்னால் வெளிச்சம் இருந்தாலும் கண்ணாடி அரைகுறையாகத்தான் கறுக்கும். பிரைட் போட்டால் இது இன்னும் கூடும். டிம்மும் முன்பக்க ஃபாக் லைட்டும் போதும். அடர்ந்த மேகத்தில் பின்வண்டியின் வெளிச்சமும் சிதறி வலுவிழந்துதான் வரும், ஆகவே நஷ்டம் பெரிதில்லை.

மேகத்தைவிட அதிகம் தொந்தரவு தருவது பின்கண்ணாடியின் உட்பக்கம் படியும் ஈரம். ஈரம் படிந்த கண்ணாடியில் பின்வண்டியின் வெளிச்சம் பட்டால் கண்ணாடி முழுவதும் ஒளிரும். ஆட்டோ டிம்மிங் அந்த ஒளிர்வை மங்கலாக்கும், ஆனால் அதற்குள் ஒன்றும் தெரியாது. குளிராக இருக்கிறதே என்று மலையில் ஏ.சி.யை அணைத்துவிட்டு, உள்காற்றே சுழலும்படி வைத்து ஓட்டுவதுதான் இதற்குக் காரணம். வெளிக்காற்று உள்ளே வரும்படி மாற்றி, சூட்டைக் கூட்டி, ஏ.சி.யையும் சேர்த்துப் போடுங்கள். ஏ.சி. காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும், ஹீட்டர் குளிரை எடுக்கும். பின்கண்ணாடியில் டிஃபாகர் கம்பிகள் இருந்தால் வளைவுகள் தொடங்கும் முன்பே போட்டுவிடுங்கள். பல வண்டிகளில் அது பத்துப் பதினைந்து நிமிடத்தில் தானாக அணைந்துவிடும், மறுபடி அழுத்த வேண்டியிருக்கும்.

முன், பின் கண்ணாடிகளின் உட்பக்கத்தில் பிளாஸ்டிக் பாகங்களிலிருந்து ஆவியாகும் எண்ணெய்ப் படலம் ஒன்றும் உண்டு. பகலில் தெரியாது, இரவில் ஒவ்வொரு விளக்கையும் சுற்றி ஒளிவட்டம் போடும். வெறும் ஈரத்துணி அதைத் தேய்த்துப் பரப்பத்தான் செய்யும். ஐசோபுரொபைல் ஆல்கஹாலும் தண்ணீரும் சம அளவு கலந்து, மைக்ரோஃபைபர் துணியில் நனைத்துத் துடைத்து, உலர்ந்த இன்னொரு துணியால் உடனே ஒற்றி எடுக்க வேண்டும். டிஃபாகர் கம்பி இருக்கும் பின்கண்ணாடியில் கம்பி ஓடும் திசையிலேயே துடையுங்கள். உள்கண்ணாடிக்கு மட்டும் எதையும் நேரடியாகத் தெளிக்கக் கூடாது. ஓரத்தில் இறங்கும் திரவம் ஜெல்லை அடைத்திருக்கும் சீலையும் வெள்ளிப் பூச்சையும் அரிக்கும். துணியை லேசாக நனைத்து, அந்தத் துணியால்தான்.

சென்சாரை மறைப்பது யார்

வேலை செய்யாத கண்ணாடி என்று கொண்டுவரப்படுபவற்றில் முதலில் பார்க்க வேண்டியது, மேலே என்னென்ன மாட்டியிருக்கிறார்கள் என்பதைத்தான். டாக்சிகளில் உள்கண்ணாடியின் மேல் ஓர் அகலமான குவிகண்ணாடியைக் கிளிப் போட்டு மாட்டுவது வழக்கம். பின்பக்கச் சென்சார் அதோடு குருடாகிவிடும், போதாததற்குக் கறுக்க வேண்டிய பரப்பும் மூடிப்போகும். பட்டை போட்டுக் கட்டும் டேஷ்கேம் கண்ணாடியும் இதே வேலையைச் செய்யும். இரண்டில் ஒன்றை முடிவு செய்துகொள்ள வேண்டும்.

முன்பக்கச் சென்சாரை மறைப்பவை வேறு. ஃபாஸ்டாக்கை உள்கண்ணாடிக்குப் பின்னால், முன்கண்ணாடியின் நடுவில் ஒட்டச் சொல்வார்கள். சென்சாரின் சிறிய துளையும் அங்கேதான் இருக்கிறது. வண்டிக்கு வெளியே முன்பக்கம் நின்று பார்த்தால் அந்தத் துளை தெரிய வேண்டும். தெரியவில்லை என்றால் சென்சாருக்கும் வெளியே தெரியாது. ஸ்டிக்கரை நான்கு விரற்கடை கீழே இறக்கி ஒட்டினால் டோல்கேட்டில் படிப்பதற்கும் தடையில்லை. டேஷ்கேமின் உடல், முன்கண்ணாடியின் மேல்விளிம்பில் ஒட்டும் கறுப்புப் பட்டை, சாமி படம் எல்லாம் இதே கணக்கு. இதற்கு அடையாளம் எளிது: முன்பக்கம் மறைந்தால் கண்ணாடி எப்போதும் இரவு என்றே நினைக்கும். மாலை வெயில் முதுகுப்பக்கம் இருக்கும்போது பட்டப்பகலில் கண்ணாடி கறுத்தால் முன்சென்சாரைத்தான் சந்தேகிக்க வேண்டும். கல் தெறித்து முன்கண்ணாடி மாற்றிய வண்டிகளில் இது அடிக்கடி வரும், ஒட்டும்போது யாரும் துளையைக் கவனிப்பதில்லை.

டிக்கியில் கேரட் மூட்டையையோ பயணப் பெட்டிகளையோ கூரை வரை அடுக்கினால் பின்சென்சாருக்கு ஒன்றும் தெரியாது. உள்கண்ணாடியில் கூச்சமும் வராது என்பதால் பரவாயில்லை என்று தோன்றும். ஆனால் சைடு கண்ணாடிகளும் தானாகக் கறுக்கும் விலை உயர்ந்த கார்களில் அவை பொதுவாக உள்கண்ணாடியின் சென்சாரை நம்பித்தான் இயங்குகின்றன. உள்ளே மறைத்தால் வெளியேயும் கறுக்காது.

கூச்சத்தைக் குறைக்கிறேன் என்று பின்கண்ணாடியில் கறுப்பு ஃபிலிம் ஒட்டுவதைத் தயவுசெய்து விட்டுவிடுங்கள். முன், பின் கண்ணாடிகள் குறைந்தது 70 சதவீதமும் பக்கக் கண்ணாடிகள் 50 சதவீதமும் வெளிச்சத்தை உள்ளே விட வேண்டும் என்பது விதி. கறுப்பு ஃபிலிமுக்கு எதிராக 2012-ல் உச்ச நீதிமன்றமும் கண்டிப்பான உத்தரவு போட்டது. சட்டம் ஒருபுறம் இருக்கட்டும். இருட்டில் கொண்டை ஊசியில் ரிவர்ஸ் எடுக்கும்போது அந்த ஃபிலிமுக்குப் பின்னால் தடுப்புச்சுவர் தெரியாது.

சோதனையும் பொருத்தலும்

சோதிக்கச் செல்போன் டார்ச் போதும். இக்னிஷனைப் போடுங்கள், கண்ணாடியில் பட்டன் இருந்தால் பச்சை விளக்கு எரிகிறதா பாருங்கள். முன்பக்கத் துளையைக் கறுப்பு டேப்பால் மூடுங்கள். பின்சென்சாரில், அதாவது உங்களைப் பார்க்கும் பக்கத்தில், டார்ச்சை அடியுங்கள். சில வினாடிகளில் ஓரத்திலிருந்து நீலப்பச்சை படர வேண்டும். டார்ச்சை எடுக்காமல், பிரேக்கை அழுத்திக்கொண்டு ரிவர்ஸ் கியர் போடுங்கள், கண்ணாடி தெளிய வேண்டும். தெளியாவிட்டால், ரிவர்ஸ் போட்டதைக் கண்ணாடிக்குச் சொல்லும் ரிவர்ஸ் வயர் இணைக்கப்படவில்லை.

இந்த ரிவர்ஸ் வயர் மலையில் உயிர்நாடி. குறுகிய வளைவில் மேலிருந்து பேருந்து இறங்கி வந்து மாட்டிக்கொண்டால் யாராவது ஒருவர் பின்னால் போய்த்தான் ஆக வேண்டும். ஏறும் வண்டிக்கு முன்னுரிமை என்பது விதி. பேருந்தால் பின்னால் ஏற முடியாது என்பது நடைமுறை. அந்த நேரத்தில் உங்களுக்குப் பின்னால் இன்னொரு வண்டி லைட்டோடு நின்றால் கண்ணாடி கறுத்தே கிடக்கும், இரண்டுக்கும் நடுவில் எவ்வளவு இடம் இருக்கிறது என்று தெரியாது. தனியாக வாங்கிப் பொருத்தும்போது பல கடைகளில் சிவப்பையும் கறுப்பையும் மட்டும் இணைத்துவிட்டு மூன்றாவது வயரை டேப் சுற்றி விட்டுவிடுகிறார்கள். கேட்டு வாங்குங்கள்.

மின் இணைப்பில் கவனிக்க வேண்டியவை சில. 12 வோல்ட், இக்னிஷன் போட்டால் மட்டும் வரும் ஃபியூஸிலிருந்து எடுக்க வேண்டும். எப்போதும் உயிரோடு இருக்கும் இணைப்பில் கொடுத்தால் நாட்கணக்கில் நிற்கும் வண்டியின் பேட்டரி கரையும். கண்ணாடி எடுக்கும் மின்சாரம் மிகக் குறைவு, ஃபியூஸ் டேப்பில் (ஃபியூஸ் பெட்டியிலிருந்து தனி இணைப்பு எடுக்கும் சிறு கருவி) 2 ஆம்பியர் போதும். ரிவர்ஸ் சிக்னலுக்குப் பின்விளக்கு வரை வயர் இழுக்க வேண்டாம். ரிவர்ஸ் கேமரா இருக்கும் வண்டியில் ஸ்டீரியோவின் பின்பக்கமே அந்த சிக்னல் இருக்கும். மீட்டரை வைத்துப் பாருங்கள்: நியூட்ரலில் பூஜ்யம், ரிவர்ஸில் 12. தவறுதலாக பார்க்கிங் லைட் வயரில் இணைத்துவிட்டால் வேடிக்கையான கோளாறு வரும். பகலில் சோதித்தால் அருமையாக வேலை செய்யும், இரவில் லைட் போட்டதும் கண்ணாடி ரிவர்ஸ் என்று நினைத்துக் கறுக்கவே கறுக்காது. ரூஃப் லைனிங்குக்கு மேலாக வந்து முன்தூண் வழியாக வயர் இறங்கும். பக்கவாட்டு ஏர்பேக் உள்ள வண்டிகளில் அந்தப் பையின் குறுக்கே போகாமல் பின்புறமாகச் செலுத்த வேண்டும். கண்ணாடித் தகட்டின் முனைகளுக்கு நேரடியாக 12 வோல்ட் கொடுத்துச் சோதிக்கவே கூடாது. ஒரு வோல்ட்டுக்குப் பழகிய ஜெல் அதோடு தீர்ந்தது.

உள்கண்ணாடியைத் தாங்குவதற்கு முன்கண்ணாடியில் ஒட்டும் உலோகப் பொத்தான் விழுந்துவிட்டால் அதற்கென்று விற்கும் பசையையும் ஆக்டிவேட்டரையும்தான் பயன்படுத்த வேண்டும். ஃபெவிக்விக் வெயிலில் சில நாளில் விட்டுவிடும். ஊட்டியிலும் கொடைக்கானலிலும் காலையில் இந்த வேலையைச் செய்யாதீர்கள். கண்ணாடி கைக்குத் தெரியாத அளவுக்கு ஈரமாக இருக்கும், குளிரில் பசையும் இறுகாது. வெயில் ஏறிய மதியத்தில், ஆல்கஹாலால் துடைத்து, உலரவிட்டு ஒட்டுங்கள். ஒரு நாள் முழுவதும் விட்டுப் பிறகு கண்ணாடியை மாட்டுங்கள். ஆட்டோ டிம்மிங் கண்ணாடி சாதாரணத்தைவிடக் கனமானது, அவசரப்பட்டால் மேடுபள்ளத்தில் கழன்று மடியில் விழும்.

சைடு கண்ணாடிகளை வைக்கும் விதம்

உங்கள் காரின் பக்கவாட்டுப் பெரிதாகத் தெரியும்படி சைடு கண்ணாடியை வைத்தால் நேர் பின்னால் வரும் வண்டியின் லைட் மூன்று கண்ணாடியிலும் விழும். வலது கண்ணாடியை வெளிப்பக்கம் திருப்புங்கள்: தலையை வலது ஜன்னலில் ஒட்டும் அளவுக்குச் சாய்த்து, அந்த நிலையில் காரின் ஓரம் மெல்லிய கோடாகத் தெரியும் வரை. நேராக உட்கார்ந்தால் கார் தெரியாது, பின்வண்டியின் லைட்டும் பெரும்பாலும் உள்கண்ணாடியோடு நின்றுவிடும். சமவெளியில் இடது கண்ணாடியையும் இப்படியே, தலையைக் காரின் நடுவுக்குச் சாய்த்து வைக்கலாம். மலையில் வேண்டாம். இடது பின்சக்கரம் ஓரக் கால்வாய்க்கு எவ்வளவு அருகில் இருக்கிறது என்று அந்தக் கண்ணாடியில்தான் பார்க்க வேண்டும். கொஞ்சம் கூசினாலும் இடதை வழக்கமான நிலையில், சற்றே கீழ்நோக்கி வைத்துக்கொள்வதே சரி.

சைடு கண்ணாடிமேல் ஒட்டும் நீல ஃபிலிம் இரவில் கொஞ்சம் உதவும். ஆனால் மேகம் இறங்கிய பகலிலும் அதே அளவு மறைக்கும். தேவையில்லை.

பின்னால் வருகிறவர் நீங்களாக இருந்தால்

டேஷ்போர்டில் 0 முதல் 3 வரை எண் போட்ட சிறிய சக்கரம் ஒன்று ஹெட்லைட்டின் உயரத்தைக் குறைக்க இருக்கும். பலர் அதைத் தொட்டதே இல்லை. பின்சீட்டிலும் டிக்கியிலும் பாரம் ஏறி வண்டியின் பின்பக்கம் ஒரு டிகிரி அமுங்கினாலே விளக்கு 1.7 சதவீதம் மேலேறும். கீழ்நோக்கி வைத்த ஒரு சதவீதம் அங்கேயே காலி. ஓட்டுநர் மட்டும் என்றால் 0, எல்லா இருக்கையும் நிரம்பினால் 1, அதோடு டிக்கியும் நிரம்பினால் 2, ஓட்டுநரும் டிக்கி நிறைய பாரமும் என்றால் 3 என்பது பொதுவான அளவு. வண்டியின் கையேட்டில் சரியான எண் இருக்கும்.

அளவு சரியா என்று பார்க்க சமதளமான பத்து மீட்டர் வேண்டும். மலையில் அது கிடைப்பதே பெரும்பாடு, பெட்ரோல் பங்கின் தளம் பெரும்பாலும் ஒத்துவரும். 5 மீட்டர் தள்ளி நிறுத்தினால், சுவரில் விழும் வெளிச்சத்தின் மேல்விளிம்பு விளக்கின் மையத்தைவிட 5 சென்டிமீட்டர் கீழே இருக்க வேண்டும். ஹாலஜனுக்கான கூட்டில் எல்இடி பல்பு போட்ட வண்டிகளில் இந்த விளிம்பே தெளிவாக விழாது. இழை இருந்த இடத்தில் ஒளி பிறப்பதில்லை, அதனால் வெளிச்சம் எல்லாத் திசையிலும் சிதறும். எந்த ஆட்டோ டிம்மிங்கும் அந்த வண்டிக்கு முன்னால் நிம்மதி தராது. அப்படி ஒருவர் உங்களுக்குப் பின்னால் வந்தால், இடம் அகலமான ஓரத்தில், வளைவின் முனையில் அல்லாமல், இடது இண்டிகேட்டர் போட்டு நிறுத்தி அவரை முன்னால் விட்டுவிடுங்கள்.

கண்ணாடியின் ஓரத்தில் மஞ்சள் வளையமோ, நடுவில் குமிழோ, தெளியாத கறையோ வந்தால் சீல் போய்விட்டது என்று பொருள். பழுது பார்க்க முடியாது, மாற்றத்தான் வேண்டும். விரிசல் விட்டு ஜெல் கசிந்தால் கையுறை போட்டுக்கொண்டு காகிதத்தால் ஒற்றி எடுங்கள், தேய்க்காதீர்கள். தோலில் பட்டால் சோப்பும் தண்ணீரும், கண்ணில் பட்டால் ஓடும் தண்ணீரில் நெடுநேரம் கழுவி மருத்துவரிடம் போக வேண்டும். டேஷ்போர்டு பிளாஸ்டிக்கில் அது நிரந்தரக் கறை பிடிக்கும் என்பதால், கழற்றுவதற்கு முன்பே கீழே பழைய துண்டு ஒன்றை விரித்துக்கொள்ளுங்கள். கசியும் கண்ணாடியைப் பிளாஸ்டிக் பையில் கட்டி, மாற்றித் தருகிறவரிடமே கொடுத்துவிடலாம்.